ஒருவர் கையெழுத்தே போதும்

சார்செல், பாரிஸ், 12 ஜனவரி 2025

மேனகாவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்பதால் இந்தக் கடிதம். கையால் தமிழ் எழுதிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிழை இருந்தால் கார் ஓட்டும்போது கத்துவாயே, அதுபோலக் கத்திக்கொள்.

நான் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாரிசுக்குத் திரும்பும் முந்தின நாள் புதுச்சேரி உப்பளத்தில் உன் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தேன். பதிவுத் திருமணத்துக்கான நோட்டீஸ் படிவத்தில் என் பெயரையும் உன் பெயரையும் நிரப்பி உன் மேஜையில் வைத்தேன். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நீ அதைப் படித்தாய், இரண்டாகக் கிழித்தாய், நாலு மணி மாணவியை ஏற்றிக்கொண்டு வண்டியில் போய்விட்டாய். ஆபீசில் இருந்த கமலா அக்கா பாவம் பார்த்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

பாரிசில் இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவன் நான். இடதுபக்கம் ஓட்டப் பழக உன்னிடம் வந்தேன், இரண்டு வருஷமாக உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஐம்பத்தொன்று, உனக்கு நாற்பத்தாறு. இனி எதற்குக் காத்திருப்பது? கல்யாணம் செய்துகொண்டால் உனக்கு மனைவி என்ற முறையில் விசா கிடைக்கும். சில வருஷத்தில் குடியுரிமைக்கும் மனுப் போடலாம். எனக்கு ஏதாவது ஆனால் வாரிசு நீ, ஓய்வூதியத்தில் ஒரு பங்கும் உனக்கு வரும். இதில் உனக்கு எது கசக்கிறது?

அன்றைக்கு பக்ஸ் என்று ஏதோ சொன்னாய். கல்யாணம் வேண்டாம், ஆனால் சேர்ந்து வாழ்கிறோம் என்று பிரெஞ்சு அரசாங்கத்தில் பதிந்துகொள்கிற ஒப்பந்தம் அது. வரி குறையும் என்று இங்கே சின்னப் பையன்களும் பெண்களும் செய்கிறார்கள். நமக்கு அது வேண்டாம்.

கோபம் தணிந்ததும் ஒரு வரி எழுது.

கலைவாணன்


புதுச்சேரி, 30 ஜனவரி 2025

கலைவாணன் அவர்களுக்கு,

கோபம் தணியவில்லை. தணியாமலேதான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். எனவே இனிமேல் கடிதம்தான்.

என் பெயரை நீங்கள் எப்படி நிரப்பலாம்? அப்பா பெயர், பிறந்த தேதி, ‘விவாகரத்தானவர்’ என்ற கட்டம் வரைக்கும் உங்கள் கையாலேயே டிக் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டத்துக்கு வந்து சேர எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. முப்பத்துமூன்று வயதில் கோர்ட்டுக்குப் போனவள், வெளியே வரும்போது நாற்பத்திரண்டு. என் பழைய வீட்டுக்காரர் கெட்டவர்கூட இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. எனக்கு அவரோடு வாழ முடியவில்லை, அவ்வளவுதான். அவர் ‘சம்மதம் இல்லை’ என்ற ஒரே சொல்லை ஒன்பது வருஷம் சொன்னார். ஒரு வாய்தாவுக்கு அவர் வரமாட்டார், அடுத்ததற்கு வக்கீல் வரமாட்டார். தீர்ப்பு வந்த அன்று வெளியே வந்து எலுமிச்சை சோடா இரண்டு குடித்தேன். தாகத்துக்கு ஒன்று, சந்தோஷத்துக்கு ஒன்று.

நீங்கள் எழுதிய சௌகரியம் எல்லாம் உண்மை. பூவிழியிடம் கேட்டுவிட்டேன். என்னிடம் கார் கற்றுக்கொண்ட பெண், இங்கே பத்திரமும் உயிலும் எழுதிப் பதிகிற ஒரு நொத்தேரிடம் பத்திரங்களை பிரெஞ்சில் மொழிபெயர்க்கிற வேலை. பக்ஸில் நான் வாரிசு ஆக மாட்டேனாம், உயில் எழுதினால்தான் உண்டாம். ஓய்வூதியப் பங்கு கிடையாது. குடியுரிமை கிடையாது. இந்தியாவில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது. ஒன்று மட்டும் உண்டு. முடிக்க வேண்டுமென்றால் ஒருவர் கையெழுத்தே போதும். காரணம் சொல்ல வேண்டாம், மற்றவர் சம்மதம் வேண்டாம், வாய்தா வேண்டாம்.

“அக்கா, பிரான்சுல இப்ப டைவர்சும் ஈசிதான். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஜட்ஜ்கூட வேணாம்” என்றாள் பூவிழி.

“ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எந்த ஊர்லடி கஷ்டம்? என் கதையே அந்த ரெண்டாவது ஆள்தானே” என்றேன்.

எங்கள் ஸ்கூல் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பது உங்களுக்குத் தெரியும். நன்றாக ஓட்டுகிறவர்கள் வந்தால் மாதக் கணக்கில் நான் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் அது இல்லாத வண்டியில் நான் ஏற மாட்டேன். உங்களோடு வாழ எனக்கு ஆசைதான். பொய் சொல்லவில்லை. பக்ஸ் என்றால் சரி. கல்யாணம் என்றால் என்னை விட்டுவிடுங்கள்.

மேனகா


சார்செல், 20 பிப்ரவரி 2025

மேனகா,

உன் கடிதத்தை பஸ் டெப்போவில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அடுத்த டிரிப்பில் ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய்விட்டேன். ஒரு கிழவர் குடையை ஆட்டித் திட்டினார்.

ஒன்பது வருஷம் நீ பட்டது எனக்குத் தெரியாது, இவ்வளவு தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அந்தப் படிவத்தை நான் நிரப்பியது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வரும்போதே எந்த வழியாகக் கிளம்பலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டு வருகிறவளோடு நான் எப்படி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவது? நீ மார்க்கெட்டுக்குப் போக நேரமானால் நான் என்ன நினைப்பேன்? உனக்கு அவர் ஒருவர் செய்த கொடுமைக்கு நான் ஏன் தினமும் பயந்து சாக வேண்டும்? உனக்குப் பிரேக் வேண்டும். எனக்கும் ஏதாவது வேண்டாமா?

இன்னொன்று, இது சண்டை இல்லை, சட்டம். நீ கேட்டாய் என்பதற்காக அங்கே உள்ள பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு எழுதி விசாரித்தேன். இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகன், இருவரும் சேர்ந்து அங்கே குடியிருக்கிறார்கள் என்றால் புதுச்சேரியிலேயே பக்ஸ் பதியலாம். அதாவது நான் அங்கே வந்து குடியேற வேண்டும். பக்ஸைக் காட்டி உனக்கு மனைவி விசா வாங்க முடியாது. கல்யாணம் என்றால் நீ இங்கே, பக்ஸ் என்றால் நான் அங்கே. என் வேலை இங்கே இருக்கிறது. இதையும் யோசி.

எதுவானாலும் என் பிறப்புப் பதிவின் முழு நகல் தேவைப்படும். கேட்டிருந்தேன், நேற்று வந்தது. வந்த காகிதத்தைப் பிரிக்காமல் அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். பூவிழியிடம் காட்டு.

கலைவாணன்


புதுச்சேரி, 14 மார்ச் 2025

கலைவாணன் அவர்களுக்கு,

காகிதம் வந்தது. பூவிழியிடம் கொண்டுபோனேன். அவள் விரலை வைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறந்தது புதுச்சேரி, அப்பா கிருஷ்ணசாமி, அம்மா செல்வாம்பாள். அப்புறம் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு குறிப்பு. அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

“தண்ணி குடிக்கிறீங்களாக்கா?” என்றாள்.

“எதுக்குடி, முதல்ல படி” என்றேன்.

2012 ஜூனில் எலேன் என்பவரோடு பக்ஸ் பதிவு. 2016 நவம்பரில் அது முடிவு. பிரான்சில் இதையெல்லாம் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே எழுதிவிடுவார்களாம். உங்களுக்கு அது தெரியாதா? இல்லை, தெரிந்தேதான் அனுப்பினீர்களா?

‘எனக்குக் கல்யாணமே ஆனதில்லை’ என்று முதல் மாதமே சொன்னீர்கள். அன்றைக்கு நாம் தவளக்குப்பம் தாண்டிக் கடலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம், ஒரு லாரியை முந்தும்போது சொன்னீர்கள். அது பொய் இல்லை. வக்கீல் சொல்கிற மாதிரியான உண்மை. நான் வக்கீல்களோடு ஒன்பது வருஷம் பழகியவள், எனக்கு அந்த ருசி தெரியும்.

இரண்டு நாள் உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். என் பிரேக்கைச் சொல்லிக் காட்டினவர் நாலரை வருஷத்தை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாரே என்று. மூன்றாம் நாள் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கும்போது திடீரென்று உறைத்தது. இந்த மனுஷன் பக்ஸ் என்றாலே ஏன் அப்படிச் சுருண்டுபோகிறார்? யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறார்கள். அது நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு முழுசாக எழுதுங்கள். சுருக்கி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மேனகா


சார்செல், 4 ஏப்ரல் 2025

மேனகாவுக்கு,

தெரியாமல்தான் அனுப்பினேன். சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய நகல். அதன் ஓரம் வெறுமையாக இருக்கும். இப்போது கேட்டாலும் அதேதான் வரும் என்று நினைத்துவிட்டேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எலேன் நான் ஓட்டிய தடத்தில் தினமும் ஏறுவாள். முதியோர் இல்லத்தில் வேலை. நல்லவள். என் சாம்பாரைச் சூப் என்று குடிப்பாள். கல்யாணத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, பக்ஸ் போதும் என்றாள். நானும் சரி என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை வெள்ளைக்காரியோடு இருக்கிறான் என்றால் ஊரே பேசும், அதுவும் தாலி இல்லாமல் என்றால் கேட்கவே வேண்டாம். என்னோடு இருப்பது வாடகையில் பங்கு போடுகிற யாரோ ஒருவர் என்றே அம்மா கடைசிவரை நம்பினாள்.

நாலரை வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின வாரம் எலேன் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கதவைத் தட்டினார். என் பெயரைக் கேட்டார், ஒரு காகிதத்தைக் கொடுத்தார். பஸ்ஸில் ஏதோ அபராதம் என்று நினைத்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகுதான் படித்தேன். பக்ஸ் முடிகிறது என்று எலேன் அறிவித்திருந்தாள். காரணம் இல்லை. சட்டம் கேட்பதில்லை, அவளும் எழுதவில்லை. எனக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

அதைவிட வலித்தது வேறு. ஒரு மாதம் கழித்து ஏதோ படிவம் நிரப்பப் போனேன். நான் விவாகரத்தானவன் இல்லையாம். பிரம்மச்சாரியாம். கல்யாணம் முறிந்தால் அதற்கு ஒரு கட்டம் உண்டு, பக்ஸ் முறிந்தால் பழையபடி பிரம்மச்சாரிக் கட்டம்தான். நாலரை வருஷம் ஒருத்தியோடு வாழ்ந்து அழுதவனை எதுவும் நடக்காதவன் என்று எழுதி வைத்தார்கள். டெப்போவில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல அங்கே என்ன இருக்கிறது?

உனக்கு முடிவே வராமல் ஒன்பது வருஷம். எனக்கு ஒரே நிமிஷத்தில் முடிந்தது. அதனால்தான் கல்யாணம் கேட்டேன் மேனகா. உன்னைக் கட்டிப்போட இல்லை. போனால்கூடப் போனது என்று யாராவது கணக்கில் எடுத்துக்கொள்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று.

மறைத்தது தப்பு. வெட்கமாக இருக்கிறது. எழுதிய பிறகு மூச்சு விட முடிகிறது என்பதும் உண்மை.

கலைவாணன்


புதுச்சேரி, 26 ஏப்ரல் 2025

அன்புள்ள கலைவாணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கமலா அக்கா தூசி தட்டுகிற நேரத்தில் படித்தேன். கண் கலங்கியதற்குத் தூசி என்று சொல்லிவிட்டேன். அந்த எலேன் மேல் எனக்கு ஒரு கோபம். முடித்ததற்கு இல்லை, அது அவள் உரிமை. வாயைத் திறந்து சொல்லாமல் கோட்டுப் போட்ட ஆளை அனுப்பினாளே, அதற்கு.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பக்ஸுக்கு நாமே ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எனவே நான் எழுதினேன். பிரிய நினைக்கிறவர் மற்றவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், ‘தெரியவில்லை’ என்பதும் காரணம்தான், ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டும். கேட்கிறவர் கத்தலாம், அழலாம், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். சொல்கிறவர் பாதியில் எழுந்து போகக் கூடாது. எல்லாம் பேசித் தீர்ந்த பிறகுதான் கையெழுத்து.

பூவிழி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “இதெல்லாம் கான்சுலேட்ல வாங்க மாட்டாங்கக்கா. சொத்து யாருக்கு, செலவு எப்படி, இதுதான் எழுதணும்” என்றாள்.

வாங்காவிட்டால் போகட்டும். அவர்களுக்கு வேண்டியதை அவர்களுக்கு எழுதிக் கொடுப்போம். இது நம் இருவருக்கும். ஒரு நகல் உங்களிடம், ஒரு நகல் என்னிடம். எந்தச் சட்டமும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டீர்கள், எனக்கும் ஏதாவது வேண்டாமா என்று. என்னால் தர முடிந்தது இவ்வளவுதான். போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போதாது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். இனித் தினமும் தபால் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மேனகா

வாட்ஸ்அப்பில் தடையை எடுத்துவிட்டேன். இதற்குப் பதிலை மட்டும் தபாலில் அனுப்புங்கள்.


சார்செல், 15 மே 2025

மேனகா,

போதும்.

ஓட்டுநர்களுக்கு இங்கே கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு கிடைக்கும், அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி ‘அங்கே போய் என்ன செய்வாய்’ என்றார். டிரைவிங் ஸ்கூலில் வேலை கேட்பேன் என்றேன். சும்மா சொன்னேன், பயப்படாதே. ஜூலை மூன்றாம் தேதி டிக்கெட். என்னிடம் வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் அங்கே தங்குவதில் தொல்லை இல்லை.

நேற்று நொத்தேரிடம் போய் உயில் எழுதினேன். பக்ஸ் உன்னை வாரிசு ஆக்காது, உயில் ஆக்கும். கல்யாணம் தானாகத் தந்திருக்கக் கூடியதை நான் ஒவ்வொன்றாக நடந்துபோய்ச் செய்கிறேன், கால் வலித்தாலும் பரவாயில்லை. ஓய்வூதியப் பங்குக்கு மட்டும் வழியே இல்லையாம். அதனால் நான் நீண்ட நாள் உயிரோடு இருந்தாக வேண்டும். உப்பைக் குறைக்கிறேன்.

உன் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். மூலக்குளம் பக்கம் ஒரு மாடி வீடு பார். படிவத்தை நீயே நிரப்பு, நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.

கலைவாணன்


தவளக்குப்பம், 9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள கலைக்கு,

முதலில் சொல்லிவிடுகிறேன், இது எலேன் அனுப்பிய மாதிரிக் கடிதம் இல்லை. மூச்சு விடுங்கள். அண்ணன் மதிவாணன் மத்தியானம் உங்கள் பக்கம்தான் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

கான்சுலேட்டில் பக்ஸ் பதிந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு மாதத்தில் நான் செருப்பைப் போட்டாலே எப்போது வருவாய் என்று கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு நாலு தடவை போன். கமலா அக்கா எடுத்து, “உங்க மேனகா இன்னும் ஓடிப் போகல சார்” என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வெறுத்துவிட்டது. நேற்று மத்தியானம் கத்தினேன், பையை எடுத்தேன், அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். நீங்கள் வாசலில் நின்றீர்கள். எப்போது வருவாய் என்று கேட்க நீங்கள் வாயெடுத்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை. “பத்திரமா போ” என்று மட்டும் சொன்னீர்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த முகம்தான் எனக்கு.

இங்கே வந்ததும் அண்ணி சின்னப்பாப்பா சோறு போட்டுக்கொண்டே, “மறுபடியும் கேசாம்மா?” என்று கேட்டார். பாவம், அவருக்குப் பழைய நினைப்பு. பல வருஷத்துக்கு முன் இதே மாதிரி கோபித்துக்கொண்டு இதே வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் என் பழைய வீட்டுக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்புறம் கோர்ட்டில் மனு. மனைவி உடனே திரும்பி வந்து கணவனோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, கல்யாணம் ஆனவர்களுக்கு. அதைப் படித்த அன்றுதான் இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து காபி குடிக்கும்போது யோசித்துப் பார்த்தேன். என்னை வா என்று உத்தரவு போட இந்த உலகத்தில் எந்த கோர்ட்டாலும் முடியாது. உங்களாலும் முடியாது. நான் இங்கேயே இருந்துவிடலாம், ஒரு கையெழுத்துப் போடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இப்படி நினைத்ததும் மனசு இலேசாகிவிட்டது, அப்புறம் நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கவலை வந்துவிட்டது. எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

இந்தப் பயம் உங்களுக்கு ஒரே நாளில் போகாது. நான் இன்னும் பத்து தடவை போய்த் திரும்பி வந்தால்தான் போகும். வருவேன். கேட்கத் தோன்றினால் கேளுங்கள், ஒரு தடவை கேளுங்கள், நாலு தடவை வேண்டாம்.

நாளைக் காலை ஏழரை மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். யாரும் கூப்பிடவில்லை, கலை. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அதனால் வருகிறேன்.

மேனகா